வரையாட்டுக் கூட்டத்தில் ஒரு வீட்டுக் கிடா

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேருந்து வளைவில் சாய்ந்தால் பயம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பயம், மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டால் பயம். "இவளப் பெத்தப்ப ஆசுபத்திரில கரண்டு போயிருச்சுங்க, அதுலருந்தே இப்படித்தான்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த வேலை ஆட்டுப் புழுக்கையைக் கட்டிக்கொண்டு அழுவது. புழுக்கை யாரையும் கடிக்காது என்று நம்பித்தான் சேர்ந்தேன்.

கோயம்புத்தூரில் உள்ள ஒரு மரபணு ஆய்வகம் அது. மேற்கே சிறுவாணிப் பக்கத்து மலைகளில், மனிதன் நிற்கவே தயங்கும் பாறைச் சரிவுகளில், வரையாடுகள் இருக்கின்றன. மாநில விலங்கு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அதுதான். அவற்றைப் பிடித்து ரத்தம் எடுப்பது நடக்காத காரியம். கண்ணால் எண்ணலாம் என்றால் பாதி நாள் மலை மூடுபனிக்குள் கிடக்கும். அதனால் வனக் காவலர்கள் சரிவுகளில் நடந்து புதுப் புழுக்கையைப் பொறுக்கி, சின்னச் சின்ன ட்யூப்களில் போட்டு அனுப்புவார்கள். குடலுக்குள் வழுக்கி வரும்போது அந்த ஆட்டின் குடல் செல்கள் கொஞ்சம் புழுக்கையின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது என் வேலை.

அதற்குப் பிறகு மார்க்கர் பார்ப்போம். மார்க்கர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆட்டுக்கு ஆடு மாறும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அளவுகள் இருக்கும்: ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. இப்படிப் பல இடங்களைப் பார்த்துவிட்டால் இந்தப் புழுக்கை எந்த ஆட்டினுடையது, அது யார் பிள்ளை, யாருக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று எல்லாம் தெரிந்துவிடும். கல்யாணத் தரகரைவிட நன்றாகச் சொல்லிவிடலாம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னக் கூட்டம். ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் அணை, நடுவில் அது தனியாக மாட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு கிடா வந்து சேர வழியில்லை. மார்க்கர் அளவுகளைப் பார்த்தால் பவானி ஜமக்காளம் மாதிரி, எங்கே பிரித்தாலும் அதே பட்டைதான். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. ஆய்வகத்தை நடத்தும் மேடம் அந்த அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்குவார். "இதுகள்ல ஒண்ணைக் கொல்ற நோய் எல்லாத்தையும் கொன்னுரும். வேற மாதிரி ஒரு உடம்பு அந்தக் கூட்டத்துலயே இல்ல" என்பார். நானும் தலையாட்டுவேன். அப்போது அந்தப் பயம் எனக்கு அட்டவணைக்குள்தான் இருந்தது.

எங்கள் ஊர் அதே மலைகளின் அடிவாரத்தில், சிறுவாணிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி. அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு வெள்ளாடுகள் உண்டு. எனக்குச் சம்பளம் வந்த பிறகும் அவற்றை விற்க மாட்டேன் என்றுவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வீட்டு ஆட்டின் மாதிரி வேண்டும் என்று மேடம் கேட்டபோது, கசாப்புக்கடை வாசலில் போய் நிற்பானேன் என்று எங்கள் கட்டுத்தரையில் நின்ற தாய் ஆட்டின் புழுக்கையையே கொண்டுபோனேன். காது நுனியில் வெள்ளை உள்ள ஆடு அது. "படிச்சுப்போட்டு இதத்தான் டப்பால தூக்கிட்டுப் போறியா" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்கு முந்திய வருடம் எனக்கு டெங்கு வந்து, ரத்தத் தட்டுகள் சரசரவென்று இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். எனக்கு அதில் பாதி நினைவில்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. வாசலில் உட்கார்ந்தவள் பாதி மலையில் இருக்கும் கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் கிடா நேர்ந்தால் வெட்டுவார்கள், இல்லையென்றால் கோவிலில் விட்டு ஏலம் போடுவார்கள். அம்மா அப்படி நேரவில்லை. உசுருக்கு உசுரு என்று நேர்ந்தாள். அதாவது, என் உயிரைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு கிடாயை உயிரோடு மலையில் விடுவது. அதை யாரும் வெட்டக்கூடாது, விற்கக்கூடாது, கட்டக்கூடாது. நான் பிழைத்தேன். காது வெள்ளை ஆடு ஈன்ற கருப்புக் குட்டி ஒன்று நன்றாகத் திரண்டு வந்ததும், அதற்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

இனிமேல்தான் விஷயம். மழைக்குப் பிறகு மலையிலிருந்து ஒரு பை நிறைய ட்யூப்கள் வந்தன. முதலில் எந்த விலங்கு என்று பார்ப்போம், அதன் பிறகுதான் மார்க்கருக்குப் போவோம். எல்லாம் வரையாடு, வரையாடு என்று வந்துகொண்டிருந்தது. உச்சிப் பாறைக்குக் கீழே எடுத்த ஒன்று மட்டும் வீட்டு வெள்ளாடு என்று வந்தது.

அந்த உயரத்துக்கு வெள்ளாடு ஏது? வெள்ளாடு இருந்தது என் மேசையில்தான், எங்கள் வீட்டு ஆட்டின் ட்யூப் ரூபத்தில். அதிலிருந்து ஒரு துளி தெறித்து இதற்குள் விழுந்திருந்தால் இந்த ஒன்று மட்டுமில்லை, அன்றைக்கு நான் தொட்ட எல்லாமே கெட்டுப்போனதாகத்தான் அர்த்தம். காவலர்கள் அட்டைக்கடிபட்டுப் பொறுக்கிய ஒரு பருவத்து உழைப்பு. வேலை போய்விடும் என்று பயந்தேன். கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன், கையுறை போட்டிருந்த கையைப் போய்.

ஒளித்து வைக்கிற தைரியம்கூடப் பயந்தவர்களுக்கு வராது. நேராக மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தெறிச்சிருந்தா எல்லா மார்க்கரும் உங்க வீட்டு ஆட்டோட அப்படியே பொருந்தும். மெஷின்ல ஓட்டிப் பாரு" என்றார்.

ஓட்டினேன். வரையாட்டுக்கென்று நாங்கள் பயன்படுத்தும் மார்க்கர்களில் பாதி, வீட்டு ஆட்டுக்காகக் கண்டுபிடித்தவற்றைக் கடன் வாங்கியதுதான். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. முதல் இடத்தில் ஓர் அளவு ஒன்றாக இருந்தது, மற்றது வேறு. அப்பாடா, இது தெறித்ததில்லை என்று மூச்சு வந்தது. இரண்டாவது இடத்திலும் ஒன்று பொருந்தியது, ஒன்று வேறு. மூன்றாவதிலும் அப்படியே. கடைசி இடம்வரை அப்படியே. வந்த மூச்சு நின்றுவிட்டது. எல்லா இடத்திலும் சரிபாதி பொருந்தினால் அதற்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். இது அதன் பிள்ளை.

காது வெள்ளை ஆட்டின் பிள்ளைகளில் கட்டுத்தரையில் இல்லாதது ஒன்றே ஒன்று. எனக்காக விட்ட கிடா. அது வரையாடுகளோடு உச்சிப் பாறையில் மேய்ந்துகொண்டிருந்தது.

மேடம் முதலில் சந்தோஷப்பட்டார், மாதிரிகள் கெடவில்லை என்று. அடுத்த நொடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் எங்கள் பக்கத்து ஊர்களில் ஆட்டுக்கொல்லி நோய் பரவிக்கொண்டிருந்தது. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து ஆடு விழுந்துவிடும். காய்ச்சல் கண்ட ஆட்டின் மூச்சுப் பட்டாலே அடுத்ததுக்கு வரும், வரையாட்டுக்கும் வரும். எங்கள் கட்டுத்தரையிலேயே வேறோர் ஆட்டின் இரண்டு குட்டிகள் போய்விட்டன. கோவிலுக்கோ சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து வாராவாரம் கிடா வருகிறது.

அந்தக் கோவில் இருக்கும் பகுதியின் வனக் காவலருக்கு மேடம் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார். ஐம்பது வயதுக்காரர், எங்களுக்குப் பலமுறை ட்யூப் கொண்டுவந்து கொடுத்தவர்.

"ஆமாங் மேடம், கருப்புக் கெடா ஒண்ணு இருக்குதுங்க. வெள்ளிக்கெழமை ஆனா எறங்கி வந்துருங்க. வாழப்பழம் குடுப்பாங்கள்ல. மத்த கெடாக்களோட நின்னு தின்னுபோட்டு மறுக்கா மேல ஏறிக்கும். சாமி கெடாங்கறதால ஆரும் அத ஒண்ணுஞ் சொல்றதில்லீங்."

"போன வெள்ளிக்கிழமை வந்துச்சா?"

"இல்லீங்களே" என்றார் அவர். "போன வாரந்தான் வரலீங்."

நோய்க்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகப் போட்டிருக்க முடியாது. போட்டவள் என் அம்மா. போட்டது எனக்காக.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கிடா மலை உச்சிக்கே போய்விட்டது என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"அதானே. சாமி தம்பட எடத்துக்கே கூப்புட்டுக்கிட்டாரு பாரு."

"ஏம்மா, நாஞ் சொல்றதக் கேளு. அத அங்கிருந்து எடுத்தாகணும். சீக்கு வந்திருந்தா கொன்னாகணும். வனத்துறை மாட்டு டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

அம்மா கையில் வைத்திருந்த தழையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அத ஆரும் தொடக்கூடாது கண்ணு. அது இருக்கற வரைக்குந்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். மீதியை அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அது உயிரோடு இருக்கும்வரைதான் நான்.

நான் இதை நம்புகிறவள் இல்லை. டெங்குவிலிருந்து என்னைக் காப்பாற்றியது குளுக்கோஸும் ரத்தத் தட்டுகளும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நம்பிக்கை இல்லாவிட்டால் பயமும் இருக்காது என்று எவன் சொன்னான்? நாடி ஒரு துடிப்பு தப்பினால்கூட, இதோ மேலே கிடா விழுந்துவிட்டது என்று நினைத்தேன். விழுந்தால் நான் போவேன், விழாவிட்டால் வரையாடுகள் போகும். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் விடை நல்லதாக வரவில்லை.

மறுநாள் காது வெள்ளை ஆடு செத்தது. அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, சேலை முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"மலைல இருக்கறதுகளுக்கும் இப்புடித்தான் வருமா?"

"ஆமாம்மா."

"குட்டிகளுக்கு?"

"குட்டிகளுக்குத்தான் மொதல்ல."

ஆட்டைப் புதைத்துவிட்டுக் கைகால் கழுவும்போது, "ஆரு கூப்புட்டாலும் அந்தக் கெடா வராது. நானும் வாரேன்" என்றாள்.

அது உண்மைதான். காவலர்கள் அதற்குள் ஒருமுறை முயன்றிருந்தார்கள். ஆட்களைக் கண்டதும் அது பாறையில் ஏறிக்கொண்டது. துரத்தினால் கூட்டத்துக்குள்ளேயே போய்ப் புகுந்துவிடும். வனத்துறைக் கால்நடை மருத்துவர் அம்மாவை அழைத்துப் போக ஒப்புக்கொண்டார், ஆனால் நோய் வந்த வீட்டிலிருந்து எதுவும் மலைக்கு வரக்கூடாது என்றார். அதனால் அம்மாவும் நானும் ஊருக்கு வெளியே மேடம் வீட்டில் தங்கி, தலைக்குக் குளித்து, புதுச்சேலை, புதுச்செருப்பு என்று கிளம்பினோம். கோவிலுக்குப் போவதற்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒரு சின்னப் பித்தளைச் சொம்பும் மஞ்சளும் மட்டும் வேண்டும் என்று கேட்டு மேடத்திடம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதிகாலையில் ஏறத் தொடங்கினோம். காவலர் முன்னால், அம்மா அவர் பின்னால், மருத்துவர், மேடம், கடைசியில் நான். மருத்துவர் முப்பதைத் தாண்டாதவர், கழுத்தில் சின்னச் சிலுவை, அதிகம் பேசாதவர். கருப்பராயன் கோவில் என்பது ஒரு மரம், மரத்தடியில் எண்ணெய் குடித்துக் கறுத்த ஒரு கல், நட்டு வைத்த ஈட்டிகள், அவ்வளவுதான். நோய்க்குப் பயந்து அந்த வாரம் பக்தர்களை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் முந்தின நாளே ஆழமாக ஒரு குழி வெட்டி, ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைக் கரையில் வைத்திருந்தார்கள். அம்மா குழியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அது யாருக்கு வெட்டியது என்று எனக்குள் ஏதோ ஒன்று கேட்டது. ஓடிவிடலாம் போல இருந்தது.

அதற்கு மேலே மரங்கள் நின்று புல்வெளி தொடங்குகிறது. புல்வெளிக்கு மேலே பாறை. வருடக்கணக்காக நான் ட்யூபில் பார்த்த மலை இதுதான். ஒரு பக்கம் தரை இருந்தது, மறுபக்கம் எதுவுமே இல்லை, வெள்ளையாகப் பனி மட்டும். நான் கூச்சப்படாமல் கையையும் ஊன்றி நாலுகாலில் போனேன். மேடம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

பனி விலகியபோது அவற்றைப் பார்த்தேன். பாறை விளிம்பில் பழுப்பாக, குட்டையாக, அசையாமல் எங்களையே பார்த்தபடி நின்றன. மற்றவற்றை எச்சரிக்க ஒன்று சீழ்க்கை அடித்தது. எனக்கு அவற்றை ஏற்கெனவே தெரியும் என்று தோன்றியது. யார் யாருக்கு என்ன உறவு என்பது எனக்கு மனப்பாடம். முகம் பார்ப்பதுதான் முதல் தடவை. ஒரு பெட்டையின் வயிற்றுக்கடியில் ஒரு குட்டி முட்டிக்கொண்டு நின்றது. மருத்துவர் பைனாகுலரில் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, "மூக்கெல்லாம் சுத்தமா இருக்கு. இதுவரைக்கும்" என்றார். அந்த 'இதுவரைக்கும்' என்னை உலுக்கியது.

கிடா அவற்றோடு இல்லை. கொஞ்சம் கீழே, ஒரு பாறைக் குடைவில், தலையைத் தொங்கப்போட்டுத் தனியாக நின்றது. மூக்கிலிருந்து கோழை ஒழுகியது இங்கிருந்தே தெரிந்தது. குட்டிகள் மேயும் புல் அதற்கும் கூட்டத்துக்கும் நடுவில்தான் இருந்தது.

எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அம்மா சரிவில் இறங்கினாள். புதுச்செருப்பு ஈரப்புல்லில் வழுக்கியது. அதைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தாண்டினால் பனி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் இன்னும் பயமாக இருந்தது, திறந்துகொண்டேன்.

"பா... பா... வா சாமி, வா, பா..."

கட்டுத்தரையில் தீனி வைக்கும்போது கூப்பிடுகிற அதே குரல். கிடா காதை உயர்த்தியது. வரையாடுகளும் காதை உயர்த்தின. அது மேலே ஏறினால் எல்லாம் முடிந்தது. ஒரு கால் வைத்தது, நின்றது, பிறகு தள்ளாடித் தள்ளாடி அம்மாவிடம் இறங்கி வந்து, அவள் உள்ளங்கையில் மூஞ்சியை வைத்துக்கொண்டது. அம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பின்னால் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. காவலர்.

கூட்டம் மேயும் புல்லில் படாமல், சுற்றி ஒரு வழியாகக் கோவிலுக்கு ஓட்டி வந்தோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே புண். காய்ச்சல் கொதித்தது. "இது பொழைக்காதுங்கம்மா. கீழ ஓட்டிட்டுப் போனா வழியெல்லாம் பரப்பும். இங்கயே முடிச்சிரலாம். வலிக்காது" என்றார். அம்மா தலையசைத்தாள். அவர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"ஏனுங் டாக்டரு, ஒரு நிமிசங். சாமிகிட்டக் கேட்டுக்கறனுங்."

எங்கள் பக்கத்தில் சாமிக்கு விட்ட எதையும் சாமி சொல்லாமல் தொட மாட்டார்கள். கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் துளுக்கிவிட்டது என்பார்கள். சாமி ஒப்புக்கொண்டார் என்று பொருள். துளுக்காவிட்டால் எத்தனை பெரிய ஆள் நின்றாலும் கத்தி இறங்காது.

அம்மா சொம்பில் மஞ்சளைக் கரைத்து, கிடாயின் தலையிலிருந்து முதுகுவரைக்கும் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது. கிடா அப்படியே நின்றது. இன்னொரு முறை ஊற்றினாள். அது கண்ணைக்கூட இமைக்கவில்லை. உதற அதன் உடம்பில் தெம்பு இல்லை, அவ்வளவுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் மேடம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மருத்துவர் ஊசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காவலர் மேலே பார்த்து, "பனி வெலகுதுங்க. வெயிலடிச்சா அதுக இந்தப் புல்லுக்கு எறங்கிருங்" என்று மெதுவாகச் சொன்னார். மருத்துவர் அப்போதும் அவசரப்படுத்தவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதுகலைப் பட்டம் வாங்கின நான், மனதுக்குள் அந்தக் கிடாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். துளுக்கு சாமி, துளுக்கு, ஒரு தடவை உதறிவிடு. நீ உதறினால் என்னை விட்டுவிட்டதாக அர்த்தம், நான் வீட்டுக்குப் போய்விடலாம். கிடா என்னைப் பார்த்தது. அதன் மேல் ஒரு மயிர்கூட அசையவில்லை.

அம்மா சொம்புக்குள் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொம்பைத் தூக்கி, மிச்சத்தைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

மஞ்சள் தண்ணீர் அவள் நெற்றியில், கழுத்தில், புதுச்சேலையில் வழிந்தது. மலைக்காற்று ஒன்று அடித்தது. அறுபது வயதுக்காரியின் உடம்பு தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை வெடவெடவென்று நடுங்கி உதறியது.

"துளுக்கிருச்சு சாமி" என்றாள் கல்லைப் பார்த்து. "புள்ளைக்கு உட்டது இன்னைக்கோட சரி. அந்த எடத்துல நா நிக்கறேன். உனக்கு வேணுங்கறப்ப எடுத்துக்க."

"அம்மா!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை.

"உத்தரவு ஆயிருச்சுங் டாக்டரு. நீங்க ஊசியப் போடுங்க" என்றாள்.

மருத்துவர் ஒரு கணம் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டு ஊசியைப் போட்டார். கிடா அம்மாவின் காலடியில் சாய்ந்தது. காவலர் குழிக்குள் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார். மேடம் தன் சால்வையை எடுத்து அம்மாவைப் போர்த்தினார். நான் அழுதேன், திட்டினேன், யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று வழியெல்லாம் சண்டை போட்டேன். அம்மா பாதி வழியில், "சாமிகிட்ட நா என்னமோ பேசுனா உனக்கென்ன? நீ உன்ற வேலையப் பாரு அம்மணி" என்றாள். அடிவாரம்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கிடாயின் மூக்குச் சளியில் ஆட்டுக்கொல்லிக் கிருமி இருப்பது உறுதியானது. கோவிலில் உயிரோடு கிடா விடுவது நின்றது; சுற்று வட்டார ஊர்களில் ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த மழைக்குப் பிறகு மலையிலிருந்து ட்யூப்கள் வந்தபோது எனக்கு அவற்றைத் திறக்கவே கை வரவில்லை. ஒவ்வொன்றாக ஓட்டினேன். தெரிந்த அளவுகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் இருந்தார்கள். புதிதாக ஒன்றுகூட இருந்தது. அதன் தாய் யார் என்றும் தெரிந்தது. மேடம் ஆய்வகம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு, தின்னாமல் வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்காக நான் பட்ட பயம் போய்விட்டது, எனக்காகப் பட்ட பயமும் போய்விட்டது, இரண்டும் சேர்ந்து இப்போது ஒரே ஆளின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதையும் நான் நம்பவில்லை. ஊசி போட்டது காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டுக்கு, அவ்வளவுதான் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலுக்காக வாசலில் வந்து நின்றாள். லேசாகக் காற்று அடித்தது. அவள் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. நான் குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, கையில் கிடைத்த துண்டால் அவளைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏங் கண்ணு, பைத்தியமா உனக்கு? குளுருதாக்கும், வேறென்ன. உடு, மூச்சு முட்டுது" என்று அம்மா சிரித்தாள்.

நான் விடவில்லை.